எழுபத்து மூன்று பழைய நோட்டுகள்

"டப்பாவுல இருந்த நோட்டெல்லாம் எங்கே?"

ஜூடித் கேட்டதும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஷோனா குழாயை மூடினாள்.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் தனியாக இருக்கும் தாய் ஐரிஸைப் பார்க்க ஜூடித் மாதம் ஒருமுறை வருவாள். ஷோனா தினம் இரண்டு வேளை வருவாள், குளிப்பாட்ட, சூப் சூடு பண்ணித் தர, மாத்திரை கொடுக்க. ஏஜென்சி அனுப்பிய ஆள்.

"அப்பா சேர்த்து வெச்ச இருபது பவுண்ட் நோட்டு. எல்லாம் பிளாஸ்டிக் நோட்டு வர்றதுக்கு முந்தின பழைய காகித நோட்டு. போன தடவைகூடப் பார்த்தேனே!"

"லண்டனுக்குத் தபால்ல அனுப்பிட்டோம். பேங்க் ஆஃப் இங்கிலாந்துல எப்போ கொடுத்தாலும் மாத்தித் தருவாங்க. உங்கம்மாதான் கையெழுத்துப் போட்டாங்க."

ஜூடித் சிரித்துவிட்டாள். "முனைக்கடைக்காரனே கையால தொட மாட்டேங்கறான். லண்டன்ல வாங்கிக்குவாங்களா? யாருக்குக் காது குத்தறே?"

"கடையிலதான் செல்லாது. அங்கே செல்லும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பணம் வந்ததும் நானே அவகிட்ட சொல்றேன்னு உங்கம்மா சொன்னாங்க. தபால் ரசீதுகூட இருக்கு."

"காலிக் கவருக்கும் ரசீது தருவாங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஐரிஸிடம் போய்க் கேட்டாள். "அம்மா, லண்டனுக்கு ஏதாவது அனுப்பினியா?"

"லண்டனுக்கா?" ஐரிஸ் யோசித்தாள். "உங்கப்பாவுக்கு லண்டனே பிடிக்காதே கண்ணு."

ஜூடித் திரும்பி ஷோனாவைப் பார்த்தாள். போதுமா என்பது போல.

"செல்லாத நோட்டுன்னு நீங்களே சொல்றீங்க," என்றாள் ஷோனா. "அதைத் திருடி நான் என்ன பண்ணப் போறேன்?"

ஜூடித்துக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. அங்கேயே நின்று ஏஜென்சிக்குப் போன் போட்டாள்.

விசாரணை முடியும்வரை ஷோனாவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜூடித் அதோடு விடவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னாள், முடி வெட்டப் போன இடத்தில் சொன்னாள், சர்ச்சில் தேநீர் குடிக்கும்போது சொன்னாள். "வயசானவங்க வீட்டுக்குள்ள யாரை விடறோம்னு பார்த்து விடணும்."

புதிதாக வந்தவள் கோட்டைக் கழற்றுவதே இல்லை. பதினைந்து நிமிடத்தில் போய்விடுவாள்.

"ஷோனா எங்கே? அவளுக்குத்தான் வலிக்காம என் கால் நகம் வெட்டத் தெரியும்," என்பாள் ஐரிஸ்.

"அவ திருடிம்மா."

"ஐயோ! என்னத்தைத் திருடினா?"

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி.

ஷோனா இப்போது மீன் தொழிற்சாலையில் தரை கழுவுகிறாளாம். வேறு எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

மூன்றாவது மாதம், அம்மாவுக்கு வந்திருந்த தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஜூடித்தின் கை ஒரு கடிதத்தில் நின்றது.

'தாங்கள் அனுப்பிய எழுபத்து மூன்று நோட்டுகள் கிடைத்தன. ஆயிரத்து நானூற்று அறுபது பவுண்ட் தங்கள் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது.'

திரும்பத் திரும்பப் படித்தாள். அம்மா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஏஜென்சி மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"ஷோனா விசாரணையை இன்னிக்கு முடிக்கறோம். அந்தப் பணத்தைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா? தெரிஞ்சிருந்தா, பாவம், நாளைக்கே வேலைக்கு வந்துடலாம். இல்லேன்னா இனிமே இந்த வேலைக்கு அவளை யாருமே எடுக்க மாட்டாங்க."

ஜூடித்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் முகம் ஞாபகம் வந்தது. சர்ச்சில் தலையாட்டிக் கேட்டவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள்.

கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணும் தெரியலைங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போனது போகட்டும். அந்தப் பொண்ணை நாங்க மன்னிச்சுட்டோம்னு மட்டும் சொல்லிடுங்க."