பத்து மணிக்கான எச்சரிக்கை

சேலத்திலிருந்து புறப்படும் முன், விமானி எட்வின் அன்றைய பாதுகாப்பு அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்திட்டார். ஓடுதளத்தின் கிழக்கே மயில்கள் திரிகின்றன. வடக்கே உயரமான கிரேன் நிற்கிறது. மூன்றாவது அவருடைய சின்ன விமானத்தைப் பற்றியது: ‘இதன் விமானி பத்து மணி முதல் மனம் கலங்கியிருப்பார். மற்ற விமானங்கள் விலகிப் பறக்கவும்.’

மணி ஒன்பதரை. காலையில் விசிலடித்துக்கொண்டே வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“எனக்கென்னம்மா கலக்கம்? நல்லாத்தானே இருக்கேன்?”

“இந்த அறிவிப்புங்க இதுவரைக்கும் ஒண்ணுகூட தப்பாப் போனதில்ல சார்,” என்றாள் விமான நிலைய அலுவலகத்துப் பரிமளா.

குழப்பத்தோடு வீட்டுக்குப் போன் செய்தார். “ஸ்டெல்லா, வீட்ல எல்லாம் சரிதானே?”

மனைவி பேனாவைக் கீழே வைத்தாள்.

“பத்து மணி பஸ்ஸுக்குத்தானே கிளம்பறேன். உங்களுக்கு வெச்சிட்டுப் போற லெட்டர்கூட இன்னும் எழுதி முடிக்கல. அதுக்குள்ள யாரு சொன்னா உங்களுக்கு?”