முன்சீட்டு

“அம்மா, இன்னிக்கு நீ பின்னாடி உட்காரு. முன்சீட்டுல நான் உட்கார்றேன்” என்றாள் மகள், கார்க் கதவைத் திறந்துகொண்டே.

“அதெல்லாம் வேண்டாம். பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்தும்.”

“அப்பா ஓட்டறதைப் பக்கத்துல இருந்து பார்க்கத்தானே அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்? எனக்குத் திருப்தியா இருந்தாதான் குட்டியை அப்பாகூட ஸ்கூலுக்கு அனுப்புவேன். இல்லேன்னா இன்னிக்கே வேனுக்குச் சொல்லிடுவேன்.”

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்ஜினியர் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். பேத்தியைத் தினமும் காலையில் தானே பள்ளிக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அதற்குத்தான் மகள் இப்போது பரீட்சை வைக்கிறாள்.

“விடும்மா, அவ உட்காரட்டும். எனக்கென்ன பயம்?” என்றார், பயத்தோடு.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பின்சீட்டுக்குப் போனாள். மகள் தன் ஆபீஸ் பையைக் காலடியில் போட்டுவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

முப்பது வருடம் பாலம் கட்டியவர் அவர். அந்தப் பாலங்களின் மேல் வண்டி ஓட்டியது என்னவோ ஆபீஸ் டிரைவர்தான். இவர் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். அடையாள அட்டை கேட்கும் இடங்களில் காட்டுவதற்கு அது நன்றாகவே பயன்பட்டது.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மைத்துனன்தான் இந்தப் பழைய காரைப் பார்த்து வாங்கிக் கொடுத்தான். முதல் வாரம் தான் ஓட்டிய அழகை இன்ஜினியரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் போதும், வண்டி திடுக்கென்று நின்று எஞ்சின் அணைந்துவிடும். காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கும்.

“மூளைக்கு முன்னாடி கால் முந்திக்குது. எனக்கு எப்பவுமே மூளை கொஞ்சம் லேட்டுதான்” என்பார்.

போகப் போக வண்டி பூப்போல நிற்க ஆரம்பித்தது. கழுத்தைத் திருப்பவே பயந்து, சாலையை முறைத்தபடி ஓட்டினாலும் நிறுத்துவதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. “பழசெல்லாம் திரும்ப வந்துடுச்சு பார்த்தியா?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் பீற்றிக்கொள்வார். அவளும் “ஆமா ஆமா” என்பாள். அந்தத் தைரியத்தில்தான் மகளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

குட்டியை ஏற்றாமல், பள்ளி வரை ஒத்திகைக்கு வண்டி கிளம்பியது. இன்று பார்த்து அதற்கு என்ன வந்ததோ, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் திருப்பத்தில் வேகம் குறையவே இல்லை. பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டியிருந்தது. மகள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லம்மா. வீட்டு ஆளுங்க முன்னாடி மட்டும் இது இப்படித்தான் மானத்தை வாங்கும்.”

“ஏங்க, மெதுவா, மெதுவா” என்றது பின்சீட்டு.

“நீ கொஞ்சம் சும்மா இரேன். அங்க இருந்துகிட்டு வண்டி ஓட்டாதே.”

சிக்னலில் கோட்டுக்கு மேலேயே கொஞ்சம் ஏறி நின்றார். அவருடைய சீட்டின் முதுகில் மடாரென்று ஓர் உதை விழுந்தது.

“அம்மா, எதுக்கு அப்பா சீட்டைப் போட்டு உதைக்கிறே?”

“காலு மரத்துப்போச்சுடி.”

இன்ஜினியரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேன்காரன் முகம் கண்முன் வந்து போனது. அவன் வண்டியில் குட்டி ஏறி, தன்னைப் பார்த்து டாட்டா காட்டுவதை நினைத்ததும் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத் தெருவில் திரும்பியதும், சந்திலிருந்து பார்சல் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பின்னால் மனைவி “ஐயோ” என்பது கேட்டது. அவர் கிளட்சையும் பிரேக்கையும் ஒரே அழுத்தாக அழுத்தினார். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. எஞ்சின்கூட அணையவில்லை. மோட்டார் சைக்கிள்காரன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பள்ளி வாசலில் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காமலே தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

“ரெண்டு மூணு இடத்துல எனக்கு உயிரே இல்லப்பா” என்றாள் மகள். “ஆனா அவன் குறுக்க வந்தப்போ நானா இருந்தா இடிச்சிருப்பேன். திங்கட்கிழமையில இருந்து குட்டியை நீங்களே கூட்டிட்டு வாங்க.”

இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. மந்திரி வந்து பாலம் திறந்த அன்றுகூட அவர் இப்படிப் பூரித்ததில்லை.

“நான்தான் சொன்னேனே, பழசெல்லாம் வந்துடுச்சுன்னு” என்று பின்சீட்டைப் பார்த்துச் சொன்னார். அங்கே மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே இறங்கி ஆபீஸ் போவதற்காக மகள் பையை எடுத்தாள். அதன் வார் கீழே எதிலோ மாட்டிக்கொண்டது. குனிந்தவள் அப்படியே நிமிராமல் கேட்டாள்.

“அப்பா, என் காலுக்குக் கீழ எதுக்கு இன்னொரு பிரேக் இருக்கு?”

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். இருந்தது. அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

“டிரைவிங் ஸ்கூல்ல ஓடின வண்டியாப் பார்த்து வாங்குடான்னு என் தம்பிகிட்ட நான்தான் சொன்னேன்” என்றாள் மனைவி.

“அப்போ... இத்தனை நாளா?”

“இத்தனை நாளா நிறுத்தினதெல்லாம் நான். இன்னிக்கு நிறுத்தினதுதாங்க நீங்க.”