பள்ளிக்கூட வளைவு

ஒரு கம்பெனி வேனில் ஒரு செல்போனும் ஒரு பிரேக்கும் வேலை பார்த்தன. டிரைவர் ஆரோக்கியம் எப்படி ஓட்டுகிறார் என்று ஆபீசுக்குச் சொல்வதுதான் செல்போனின் வேலை. மூன்று முறை திடீர் பிரேக் போட்டால் அவருக்கு வேலை போய்விடும்.

பள்ளிக்கூட வளைவில் வேன் குலுங்கி நின்றது. "இது ரெண்டாவது," என்றது செல்போன்.

"பிள்ளை குறுக்கே ஓடி வந்துச்சே, நீ பார்க்கலையா?" என்று கத்தியது பிரேக்.

"என் கண்ணை அவர் மூஞ்சிப் பக்கம்தானே திருப்பி வச்சிருக்காங்க? ரோட்டை நான் எங்கே பார்த்தேன்?"

"நல்லா இருக்குய்யா உன் உத்தியோகம்! சாயங்காலம் சார்ஜ் போடுற இடத்துல மத்த போன்களையாவது கேட்டுப் பாரு."

கேட்டது. தன்னையும் சேர்த்து, கம்பெனியின் இருபத்திரண்டு வேன்களின் போன்களும் திடீர் பிரேக்குக்கு அதே வளைவைத்தான் சொன்னன. அதுவரை தனித்தனியாக அனுப்பிவந்த புகார்களை, அன்று எல்லாம் ஒன்றுகூடி ஒரே பட்டியலாக அனுப்பின.

இருபத்திரண்டு பேரையும் நீக்கினால் வேன் ஓட்ட ஆள் இல்லை. மேலாளர் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஆரோக்கியத்தின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. பிரேக் அழுந்தியது.

"நல்லவேளை, பிடிச்சீங்க!" என்றார் மேலாளர், வேர்வையைத் துடைத்தபடி.

அதையும் ஒரு எழுத்து விடாமல் ஆபீசுக்கு அனுப்பியது செல்போன்.