கண்ணுள்ள பாதி

தனி ஆள் ஒரு நேரம் வயிறாரச் சமைத்துச் சாப்பிட அரைத் தேங்காய் போதும். கண்ணுள்ள பாதி கெதியாகப் பழுதாகிவிடும் என்பதால் கஜாலினி அதைத்தான் முதலில் திருவுவாள். மற்றப் பாதி பிரிட்ஜுக்குள் போகும். கண்டிக்கு மாற்றலாகி, பிலிமத்தலாவையில் தனியே வாடகை வீடெடுத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அன்று காலையும் அப்படியே செய்துவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் பூட்டைத் திறந்து வந்து, தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைக்கலாமென்று ஹோலில் நின்ற பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே இருந்தது கண்ணுள்ள பாதி. இன்னும் திருவாத பாதி.

வாசலோரக் குப்பை வாளியைப் பார்த்தாள். காலையில் திருவி எறிந்த சிரட்டை கிடந்தது. அதிலும் கண் இருந்தது. வீட்டில் வேறு தேங்காய் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவுக்கு அழைத்தாள்.

"பாதியை மாறி வைச்சிருப்பாய்," என்றா அம்மா.

"இல்லையம்மா. ஒரு தேங்காய்க்கு ரெண்டு பாதியிலயும் எப்பிடிக் கண் வரும்?"

ஒரு கையில் போன், மறுகையில் அந்தப் பாதி. ஹோல் நடுவில் அசையாமல் நின்றாள். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"நீ சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை," என்றா அம்மா. "தேங்காய் திருவி முடிச்சிட்டுப் போன் எடு பிள்ளை. திருவலைச் சத்தம் காதை அடைக்குது."