மிர்ரா தூங்கும் வீடு

பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறதோ அதுதான் அதன் முகவரி என்று சட்டம் வந்துவிட்டது. கையில் கட்டிய பட்டை அதைப் பள்ளிக்குச் சொல்லிவிடும். பள்ளி எல்லைக்குள் தூங்கும் பிள்ளைகளுக்குத்தான் அங்கே சீட்டு. வினோலியாவின் வீடு அந்த எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது. அதனால் அவளும் கணவன் ஜெபராஜும் மூன்று வயது மகள் மிர்ராவை, எல்லைக்குள் இருந்த அவனுடைய அக்கா வீட்டில் விட்டார்கள்.

“சீட்டு கிடைக்கிற வரைக்கும்தான் மதினி” என்றாள் வினோலியா. மதினியுடையது ஒற்றை அறை வீடு; வினோலியாவும் தங்க அங்கே இடமில்லை. தினமும் மாலையில் போய் மகளுக்குச் சோறூட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

மூன்று வருடம் கழித்து ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தது. பட்டையைக் கழற்றினார்கள். அன்றே மிர்ராவை அழைத்து வந்து, வினோலியா ஆப்பம் சுட்டுக் கொடுத்தாள். ஜன்னலோரம் புது மெத்தை விரித்திருந்தது. மிர்ரா அதைத் தொட்டுப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

“எங்க போற மக்ளே?”

“வீட்டுக்குத்தாம்மா. இருட்டப் போவுதுல்லா? அத்தை தேடுவாங்க.”

இதுதான் உன் வீடு என்று சொல்ல ஜெபராஜ் வாயெடுத்தான். வினோலியா வேண்டாம் என்று தலையசைத்தாள். குனிந்து மகளின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள்.

“வண்டிய எடுங்க. கொண்டு விட்டுட்டு வருவோம்” என்றாள்.