இத்தாலித் துவர்ப்பு

"இதைக் குடிக்கிறதுன்னு சொல்லக் கூடாதுப்பா. ருசி பார்க்கிறது."

அச்சு மிஷின் கண்காட்சிக்கு இத்தாலி போய்த் திரும்பிய தருண்குமார், பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். பாட்டிலுக்கு நல்ல தொந்தி, கழுத்து மட்டும் ஒல்லி. அடிப்பக்கம் கூடை மாதிரி வைக்கோல் பின்னல்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரைக்குக் குடிக்கிறவனைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் மகன் அம்புட்டுத் தூரத்திலிருந்து சுமந்து வந்தது.

"பேரு என்னலே?"

"கியாந்தி. அங்கன காலங்காலமாப் போடுற சிவப்பு ஒயின்."

தக்கையைத் திருகும்போது போன் அடித்தது. கம்பெனி கேட்டிலிருந்து காவல்காரி குருவம்மாள்.

"மொதலாளி, மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போன லோடு ஏத்துற ஊர்க்காவலன் வாடையோட திரும்பியிருக்கான். ஊதச் சொன்னேன், அடிக்குது. உள்ள விடல."

"ஒன் கூடப்பொறந்த தம்பில்ல?"

"ஆமா மொதலாளி. ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. இதான் மொதத் தடவ. இன்னைக்குக் கூலிய மட்டும் பிடிச்சிட்டு…"

"வெடிமருந்து இருக்கிற எடத்துல குடிகாரனா? எத்தன பேரு உசுரு! எங்க அப்பாவே எந்திரிச்சு வந்தாலும் ஊதச் சொல்லணும்னு சொல்லியிருக்கேன்ல? வேப்பமரத்தடியில உக்கார வை. லோடு கிளம்பும்போது வந்து கணக்க முடிச்சு அனுப்புதேன்."

போனை வைத்தார்.

"கிளாஸச் சுத்துங்கப்பா. மோந்து பாருங்க. இப்ப ஒரு வாய். முழுங்கிராதீக, நாக்குல உருட்டுங்க."

உருட்டினார். "நவ்வாப்பழம் தின்ன மாதிரி துவர்க்குதேலே!"

"அந்தத் துவர்ப்புதாம்ப்பா இதுக்குப் பெருமை. தனியாக் குடிக்க மாட்டாங்க. சோத்தோடதான்."

மட்டன் சுக்கா வந்தது. துவர்ப்பு பழகியது. இரண்டாவது கிளாஸில் அய்யாதுரைக்கு மண்வாசனையே தெரிந்தது. மூன்றாவதில், அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சாயங்காலம் கார் கம்பெனி கேட்டில் நின்றது. கண்ணாடி இறங்கியதும் குருவம்மாள் மூக்கைச் சுருக்கினாள்.

"மொதலாளி, எறங்கி ஊதுங்க."

டிரைவர் பதறிப்போனான். "ஏக்கா, யார்ட்டப் பேசுத?"

"இவுக அப்பாவே வந்தாலும் ஊதச் சொல்லியிருக்காக. இவுக வந்தா மட்டும் விட்டுருன்னு சொல்லலையே."

இறங்கினார். ஊதினார்.

"குருவம்மா, இது குடி இல்ல. அந்த ஊர்ல காலங்காலமா உள்ள பழக்கம். சோத்தோட ஒரு வாய்…"

"தம்பியும் சோத்தோடதான் குடிச்சேன்னு சொன்னான் மொதலாளி."

உள்ளே லோடு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"அவன் கணக்க என்ன செய்ய?" என்றாள்.

அய்யாதுரை கேட்டுக்குள் போகவில்லை. வேப்பமரத்தடி பெஞ்சைப் பார்த்து மெள்ள நடந்தார்.

அலறிப்புடைத்து எழுந்த ஊர்க்காவலன், மூக்கை உறிஞ்சினான். "மொதலாளி… இது நம்மூரு கடைச் சரக்கு இல்லையே?"

"வாய மூடுலே. தள்ளி உக்காரு. நாளைக்கு ரெண்டு பேரும் வெறும் வாயோட வேலைக்கு வருவோம்."