நாற்பத்து மூன்றாவது பெயர்

ராயப்பன்பட்டிப் பக்கத்து வாய்க்கால் சங்கத்தில், யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் முறை என்று போனில் செய்தி அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை எழுதியவள் ஹேமாவதி. சர்வரில் ஓடும் அதில் பெயர்களுக்கென்று தனி ஃபைல் உண்டு. ஒரு ஃபைல் எதை எக்ஸ்போர்ட் செய்கிறதோ, அதை மட்டும்தான் மற்ற ஃபைல்கள் வாங்க முடியும். மீதியெல்லாம் உள்ளேயே கிடக்கும். மாசியில் கர்ணன் இறந்து அவர் வயல் தரிசானதும், அவர் பெயரை உள்ளே நிறுத்திவிட்டு நாற்பத்திரண்டு பெயர்களை மட்டும் வெளியே விட்டாள்.

செய்தி நாற்பத்து மூன்று பேருக்குப் போனது. பத்து மணி முறை கர்ணனுக்கு. கடைசி வயல்காரி ராமுத்தாய்க்குத் தண்ணீர் எட்டவில்லை.

"ஏத்தா, செத்தவுகளுக்கு எதுக்குத் தண்ணி? என் தக்காளி நாத்து சாகவா?" என்று போனில் கேட்டாள் ராமுத்தாய்.

ஹேமாவதி அந்தப் பெயரையே அழித்தாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். ஃபைலைத் திறந்து எண்ணினால் நாற்பத்திரண்டு. அதை வாங்கிய ஃபைலில் எண்ணினால் நாற்பத்து மூன்று.

அடுத்த முறைக்கு இருவரும் பத்து மணிக்கு நேரிலேயே போனார்கள். மடை திறந்திருந்தது. கர்ணனின் வயலுக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. மடையை அடைக்க மண்வெட்டியோடு குனிந்த ராமுத்தாய், வயலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினொண்ணு ஆகட்டும்த்தா. அவுக முறை முடியட்டும்."

தண்ணீர் இன்னும் எட்டாத புழுதியில், நடுவயலிலிருந்து மடைவரை ஒருவர் நடந்து வந்த கால்தடம் இருந்தது. உள்ளே போன தடம் எங்கும் இல்லை.